கோயிலுக்கு எந்த மைக் வாங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். பழைய கல் கட்டடம், உயரமான கூரை, முந்நூறு பேர் உட்காரலாம். பிரசங்க பீடத்தில் ஒரு மைக், வேதபாடம் வாசிக்கும் இடத்தில் ஒன்று, பாடகர் குழுவுக்கு நான்கு, ஆராதனை நடத்துகிறவர் கையில் ஒரு கார்ட்லெஸ். ஆக மொத்தம் ஏழு. சத்தத்தைக் கூட்டினால் 'கூ' என்று ஊளையிடுகிறது, குறைத்தால் கடைசி பெஞ்சில் இருக்கும் வயதானவர்களுக்குக் கேட்கவில்லை. சபைக் கமிட்டி புது மைக் வாங்க ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. எந்தக் கம்பெனி மைக் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனி பெயருக்குப் பிறகு வருகிறேன். பாளையங்கோட்டைப் பக்கமும் திருச்செந்தூர்ப் பக்கமும் கிராமத்துக் கோயில்களில் இருபது வருடத்துக்கு மேல் மைக் செட் பார்த்துவருகிறேன். இந்த ஊளைக்காகவே என்னைக் கூப்பிட்ட கோயில்கள் நிறைய. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மைக் நன்றாகத்தான் இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே தூரம் அதிகமாக இருக்கும். யாரும் பேசாத மைக்குகள் திறந்தே கிடக்கும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எவ்வளவு விலைக்கு மைக் வாங்கினாலும் ஊளை நிற்காது.

வருகிற ஞாயிறு வேதபாடம் வாசிக்கிறவரைக் கவனித்துப் பாருங்கள். ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன வாரம் வாசித்த உயரமான பையனுக்கு ஏற்றபடி ஸ்டாண்ட் நிற்கிறது. மைக் இவருடைய நெற்றிக்கு நேரே இருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து வாசிக்கிறார், குரல் முழுவதும் புத்தகத்தின் மேல் விழுகிறது. மைக்குக்கு ஏறுவது கொஞ்சம்தான். எல்லா மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் பெட்டியான மிக்ஸரில் இருக்கும் பையன் பதறிப்போய் வால்யூமைக் கூட்டுகிறான். ஊளை கிளம்புகிறது. அந்த அம்மா பயந்து ஒரு அடி பின்னால் போகிறார். தூரம் இன்னும் கூடுகிறது. பையன் மறுபடியும் கூட்டுகிறான். கடைசியில் அன்றைய சங்கீதத்தில் ஒரு வசனம்கூட சபைக்கு முழுதாகக் கேட்கவில்லை. ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கி மைக்கை வாய்ப்பக்கம் திருப்பியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்குக் கிடைக்கும் குரல் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். 60 சென்டிமீட்டரில் இருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். இதே 12 டெசிபலை ஆம்ப்ளிஃபயரில் இருந்து வாங்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 16 மடங்கு வாட்ஸ் வேண்டும். அப்படி வாங்கினாலும் ஊளைதான் கூடும். ஸ்பீக்கரில் இருந்து வரும் சத்தம் திரும்பவும் மைக்குக்குள் நுழைந்து, பெரிதாகி, மறுபடியும் ஸ்பீக்கருக்குப் போகிற சுற்றுதான் ஊளை. வாய் கிட்டே வந்தால் மிக்ஸரில் கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைக்கலாம், கெயின் குறைந்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும்.

வாசிப்பவர்களுக்கும் பேசுபவர்களுக்கும் நான் சொல்லும் அளவு நான்கு விரலில் இருந்து அரைச் சாண் வரை. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், தாடைக்குச் சற்றுக் கீழிருந்து வாயைப் பார்க்கும்படி சாய்த்து வைக்கவேண்டும். அப்போதுதான் 'பிதா', 'பரலோகம்' என்று சொல்லும்போது பகரத்தின் காற்று மைக்கில் 'பட்' என்று அடிக்காது, முகமும் மறையாது. பாடுகிறவர்கள் இரண்டு விரல் தூரத்துக்கு வரலாம். ரொம்பக் கிட்டே வந்தால் அடிக்குரல் வீங்கிக் கேட்கும், இந்த வகை மைக்குகளின் இயல்பு அது. மிக்ஸரில் லோ கட் பட்டனைப் போட்டு 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது, திறந்துகிடக்கும் மைக்குகள். மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஊளை வருவதற்கு முன் கூட்டக்கூடிய சத்தத்தில் 3 டெசிபலை இழக்கிறீர்கள். உங்கள் ஏழு மைக்கும் திறந்தே இருந்தால், ஒரே மைக் திறந்திருக்கும்போது கிடைப்பதைவிட சுமார் எட்டரை டெசிபல் குறைவு. போதகர் ஐயா பிரசங்கிக்கும் அரைமணி நேரமும் பாடகர் குழுவின் நான்கு மைக்கும் ஏன் திறந்திருக்க வேண்டும்? அவை அவருடைய குரலையும் கூரையில் இருந்து திரும்பும் எதிரொலியையும் சேர்த்துப் பிடித்து மறுபடி சபைமேல் கொட்டுகின்றன. கல் கட்டடத்தில் எதிரொலிக்குப் பஞ்சமே கிடையாது. அதனால் மிக்ஸரில் உட்காருகிறவர் கையில் அன்றைய ஆராதனை முறைமை இருக்கவேண்டும். அடுத்து ஜெபமா, பாட்டா, வாசிப்பா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எந்த மைக் திறக்கவேண்டும் என்று முந்தின நாளே பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பைசா செலவில்லை.

ஸ்பீக்கர்களையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பல கோயில்களில் தூணுக்குத் தூண் காலம் பாக்ஸ் (நெட்டுக்கு நீளமான ஸ்பீக்கர் பெட்டி) மாட்டியிருப்பார்கள். அதில் முதல் ஜோடி பிரசங்க பீடத்துக்குப் பக்கத்திலோ, அதற்கும் பின்னாலோ இருக்கும். அது நேரே மைக்கின் முகத்தில் பாடும். அந்த ஜோடியைக் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் சபைப்பக்கம் திருப்பிவையுங்கள். மைக்குக்கு முன்னால் ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்குப் பின்னால் மைக், இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

சரி, இப்போது மைக்குகளுக்கு வருவோம்.

டைனமிக் மைக்குக்குள் ஒரு மெல்லிய சவ்வும் அதோடு ஒட்டிய கம்பிச் சுருளும் ஒரு காந்தமும் இருக்கும். கரண்ட் தேவையில்லை. கீழே விழுந்தாலும் தாங்கும். தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காது. கண்டென்சர் மைக்குக்கு மிக்ஸரில் இருந்து 48 வோல்ட் பேன்டம் பவர் போகவேண்டும். நுணுக்கமாகப் பிடிக்கும், தூரத்தில் இருந்தும் பிடிக்கும், வேண்டாத சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். கையில் பிடித்துப் பேசுவதற்கும் பாடுவதற்கும் வாசிப்பதற்கும் டைனமிக்தான் என் தேர்வு. கோயில்களில் பத்துப் பேர் கைமாறும் மைக், பிள்ளைகள் பிடிக்கும் மைக், ஸ்டாண்டோடு கீழே விழும் மைக் எல்லாமே அதுதான்.

எல்லோரும் சொல்லும் ஷூர் எஸ்எம் 58, 1966-ல் வந்தது. இன்றுவரை அதே வடிவம்தான். எடை 298 கிராம். குரலைத் தெளிவாகக் கொடுக்கும், பழுதானால் உதிரிபாகம் கிடைக்கும். அதற்கு ஒரு வருடம் மூத்த எஸ்எம் 57 தலையில் உருண்டைக் கூடு இல்லாமல் ஒல்லியாக இருக்கும். அமெரிக்க ஜனாதிபதிகள் பேசும் மேசையில் பல பத்தாண்டுகளாக நிற்பது அதுதான். கோயிலில் அதைத் தபேலாவுக்கும் டோலக்குக்கும் வைக்கலாம். சென்ஹைசர், ஆடியோ டெக்னிகா, ஏகேஜி போன்ற கம்பெனிகளிடமும் இதே தரத்தில் நல்ல டைனமிக் மைக்குகள் உண்டு. அவற்றில் எதை வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கவனம். 58-க்குப் போலிகள் ஏராளம். பெட்டி, பை, கிளிப் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கோயில் பெயரில் பில் போட்டு வாங்குங்கள்.

மைக் எந்தத் திசையில் இருந்து சத்தத்தைப் பிடிக்கும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்கவேண்டும். 58 கார்டியாய்டு வகை. முன்னால் நன்றாகப் பிடிக்கும், நேர் பின்னால் இருந்து வரும் சத்தம் அதற்குக் கிட்டத்தட்டக் கேட்காது. அதனால் பாடுகிறவர் காலடியில் அவருக்கே கேட்பதற்கான ஸ்பீக்கரை (மானிட்டர்) வைத்தால் மைக்கின் வாலுக்கு நேரே வைக்கவேண்டும். பீட்டா 58 போன்ற சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு முன்பக்கம் இன்னும் குறுகலானது, ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் பிடிக்கும். அதற்குக் காது அடைத்த இடம் சுமார் 126 டிகிரியில், பின்பக்கத்து இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது. விலை கூடிய மைக்கை மாட்டிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே வைத்ததால் ஊளை கூடிப்போன கோயிலைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், வாலிபர்கள் மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்துப் பாடுவார்கள். பின்பக்கத்துத் துளைகள் அடைபட்டால் அந்த மைக்கின் திசைக்கட்டுப்பாடு போய்விடும், நாலாபக்கமும் பிடிக்க ஆரம்பிக்கும். உடனே ஊளை. நடுத்தண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பாடகர் குழு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். உங்களிடம் நான்கு மைக், அநேகமாகப் பதினாறு பேர் அதைச் சுற்றி நெருக்கி நிற்பார்கள். மைக்குக்கு முன்னால் நிற்கும் நான்கு பேர் குரல் மட்டும் வெளியே வரும். மற்றப் பன்னிரண்டு பேர் வாரம் முழுவதும் பயிற்சி எடுத்து வந்து பாடியது யாருக்கும் கேட்காது. எனக்கு இது எப்போதுமே வருத்தம் தரும் காட்சி.

அதற்குப் பதிலாகச் சிறிய கண்டென்சர் மைக் இரண்டு வாங்குங்கள். உயரமான பூம் ஸ்டாண்டில், முதல் வரிசைக்கு இரண்டு மூன்று அடி முன்னால், அவர்கள் தலைக்கு இரண்டு மூன்று அடி மேலே வைத்து, பின்வரிசையின் வாயைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். ஒரு மைக் ஆறு முதல் ஒன்பது அடி அகலத்துக்குப் போதும். இரண்டு மைக்குக்கும் இடையிலான தூரம், மைக்குக்கும் பாடுகிறவருக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து, குழாய்க்குள் பாடுவதுபோல் உள்ளடங்கிக் கேட்கும்.

ஆனால் இந்த மைக்குகள் தூரத்தில் இருந்து பிடிப்பவை, ஆகவே அவற்றில் அதிகம் கூட்ட முடியாது. கூட்டவும் வேண்டாம். உங்கள் கோயில் மாதிரியான கல் கட்டடம், மைக் இல்லாத காலத்தில் பாடுவதற்காகவே கட்டியதுபோல் குரலைத் தாங்கும். ஒரு தடவை எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு ஒரு ஞானப்பாட்டைப் பாடச்சொல்லி, நடு பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரலும் தனித்தனியே கேட்கும். மைக் செய்ய வேண்டியது சொற்களுக்கு லேசாகக் கை கொடுப்பது மட்டும்தான். தனியாகப் பாடும் ஒருவருக்கு மட்டும் ஒரு டைனமிக் மைக் கொடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் ஃபேன். கண்டென்சர் மைக்குக்கு மேலே ஃபேன் சுற்றினால் 'புர்ர்' என்று அடிநாதம் மாதிரி ஒரு சத்தம் நிற்காமல் வரும். ஸ்பாஞ்ச் உறை கட்டாயம் போடுங்கள், அந்த ஒரு ஃபேனை மட்டும் பாட்டு நேரத்தில் அணைக்கவும் சொல்லுங்கள். ஃபேன் ரெகுலேட்டர் ஒயரும் மைக் ஒயரும் ஒன்றாக ஓடினால் இரைச்சல் வரும், அவற்றைப் பிரித்துவிடுங்கள். கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் மைக் வேண்டாம், டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்குக் கொடுங்கள்.

பிரசங்க பீடத்துக்கு மெல்லிய வளைகழுத்து மைக் வைப்பது இப்போது வழக்கம். பார்க்க அழகாக இருக்கும். போதகர் ஐயா ஒரே இடத்தில் நின்று பேசுகிறவரானால் அது சரி. இடதும் வலதும் திரும்பி, கையை வீசி, ஒரு அடி பின்வாங்கிப் பேசுகிறவரானால் குரல் வந்து வந்து போகும். அவருக்குக் கன்னத்தோரம் நிற்கும் ஹெட்செட் மைக் நல்லது. சட்டையில் குத்தும் காலர் மைக்கை நான் தவிர்ப்பேன். அது வாயில் இருந்து 20 சென்டிமீட்டர் கீழே இருக்கும், ஹெட்செட் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும். மேலே சொன்ன அதே 12 டெசிபல் வித்தியாசம். அங்கி போட்டிருந்தால் துணி உரசும் சத்தம் வேறு. ஹெட்செட்டை வாய்க்கு நேர் முன்னால் கொண்டுவராமல் உதட்டோரத்தில் நிறுத்துங்கள், மூச்சு அடிக்காது.

கார்ட்லெஸ் வாங்கும்போது அது எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது என்று பெட்டியில் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 2022 ஏலத்துக்குப் பிறகு செல்போன் கம்பெனி வந்துவிட்டது. டவர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பகுதியில் வேலை செய்யும் பழைய செட்டுகள் கரகரக்கும், அறுந்து அறுந்து வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் என்றால் வைஃபையோடு இடத்தைப் பங்கு போடவேண்டும். முந்நூறு பேர் சட்டைப்பையில் செல்போன் இருக்கும் கோயிலில் நான் அதை முதன்மை மைக்காக வைக்கமாட்டேன். யுஎச்எஃப் அலைவரிசையில் சேனலை மாற்றிக்கொள்ள வசதியுள்ள செட்டாக எடுங்கள். ரிசீவரை வெஸ்ட்ரி (போதகர் அங்கி மாற்றும் அறை) அலமாரிக்குள் பூட்டிவைக்காதீர்கள். ஆள் உயரத்தில், மைக் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள், இரண்டு ஏரியலும் 'வி' எழுத்துப்போல் விரிந்திருக்கட்டும்.

பேட்டரி விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை. முந்தின இரவு கேரல் ரவுண்டு போய்வந்த அதே மைக், அதே பேட்டரி. 'இன்னும் பாதி இருக்கிறது' என்று நானே பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பிரசங்கம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் குரல் போய்விட்டது. போதகர் ஐயாவுக்குத் தெரியவில்லை, அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் புது பேட்டரியோடு நடுவழியில் நடந்துபோய் அங்கிக்குள் இருந்த பெட்டியைத் திறந்து மாற்றும்வரை வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சொந்த ஊருக்கு வந்தவர்கள் அவர்கள். அன்றில் இருந்து ஒவ்வொரு ஆராதனைக்கும் முழு சார்ஜ் உள்ள பேட்டரிதான் போடுகிறேன், பீடத்தில் ஒயர் மைக் ஒன்றும் தயாராக நிற்கும். கார்ட்லெஸ் இருக்கும் கோயிலில் ஒயர் மைக்கைக் கழற்றிவைக்கவே கூடாது.

ஒயருக்கும் பணம் ஒதுக்குங்கள். மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு கேபிளில் இரண்டு கம்பிகள் ஒன்றுக்கொன்று நேர்மாறாகச் சிக்னலைக் கொண்டுபோகும், வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் மறுமுனையில் கழிந்துபோகும். ஒரு முனையில் ஒற்றைப் பின் வைத்த நீள ஒயரில் அந்தக் கழித்தல் நடக்காது, கரண்ட் இரைச்சல் முழுவதும் உள்ளே வரும். நான் கையில் எடுத்த 'செத்துப்போன' மைக்குகளில் நிறைய, உண்மையில் பின்னுக்குள் ஈயப்பற்று விட்டுப்போன ஒயர்கள்தான்.

மிக்ஸரில் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எக்கோவை அணைத்துவிடுங்கள். வேதபாடத்துக்கும் பிரசங்கத்துக்கும் எக்கோ போட்டால், ஏற்கெனவே கல் சுவர் கொடுக்கும் எதிரொலியோடு அதுவும் சேர்ந்து, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் விழும். காது மந்தமான பெரியவருக்கு இரண்டுமே புரியாது. சத்தத்தைக் கூட்டுவதைவிட 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், கும்மென்று கேட்பது தெளியும். தமிழில் சகர, றகரம் உட்பட வல்லின எழுத்துகள் தெளிவாகக் கேட்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில். அந்த இடத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

ஐம்பதாயிரத்தை நானானால் இப்படிச் செலவழிப்பேன். முதலில் ஒயர்களும் உறுதியான ஸ்டாண்டுகளும். பிறகு பீடம், வாசிப்பு, தனிப்பாட்டு மூன்றுக்கும் நல்ல டைனமிக் மைக் மூன்று. மீதியில் பாடகர் குழுவுக்குக் கண்டென்சர் ஒரு ஜோடி. ஹெட்செட் கார்ட்லெஸ் நல்லதாக வேண்டுமானால் இந்தப் பணத்துக்குள் அடங்காது. மட்டமானதை இப்போது வாங்குவதைவிட அடுத்த அசன பண்டிகை (சபையார் கூடி உண்ணும் திருவிழா) வரைக்கும் பொறுத்து நல்லதாக வாங்கலாம். பழைய மைக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். கூட்டின் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைக் கழற்றி இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசி ஒருநாள் காயவைத்து மாட்டினாலே பாதி மைக்குகளின் குரல் தெளிந்துவிடும். உங்கள் ஊர் கடலோரம், உப்புக் காற்று. கண்டென்சர் மைக்கை ஆராதனை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடிவையுங்கள். பேன்டம் பவர் ஓடும்போது அதைச் சொருகவோ பிடுங்கவோ வேண்டியிருந்தால் அந்தச் சேனலை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டம்' என்று இடிக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன், வருகிற சனிக்கிழமை சாயங்காலம் அந்த டீச்சர் அம்மாவையோ, அவரைப்போல் மெல்லப் பேசும் ஒருவரையோ கோயிலுக்கு வரச்சொல்லுங்கள். ஃபேன்கள் எல்லாம் ஓடட்டும். அவர் உயரத்துக்கு ஸ்டாண்டை இறக்கி, அந்த ஒரு மைக்கை மட்டும் திறந்து, நாளைய வேதபாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மிக்ஸரை நண்பரிடம் விட்டுவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சில், தூண் மறைவில் போய் உட்காருங்கள். கோயில் காலியாக இருக்கும்போது எதிரொலி அதிகம், ஞாயிறு ஜனங்கள் நிறைந்தால் குறையும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து, கையில் புத்தகம் இல்லாமல், எத்தனை வசனம் உங்களுக்குப் புரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். மிக்ஸரில் எந்த நாப் எங்கே நிற்கிறது என்று ஒரு போட்டோவும் அனுப்புங்கள். மீதியை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.